வான் ரெடி, பெல்ட் எங்கே?

ஆடி பிறந்தால் திருகோணமலைக்கு இரண்டு நிச்சயம்: அமைதியான கடல், வெளிநாட்டு உறவுகள். கடல் சும்மா வரும். உறவுகள் பெட்டியோடும் பிள்ளையோடும் கேள்வியோடும் வருவார்கள். இம்முறை கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விடயம்: பிள்ளையின் கார் சீட்டைக் கொண்டுவருவதா, இங்கே வாடகைக்கு எடுப்பதா? ஆகவே சினிமாக் கேள்விகளும் அரசியல் கேள்விகளும் அடுத்த இதழுக்குப் போகின்றன. அரசியல் கேள்விகள் எப்போது திறந்தாலும் புதிதாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஓகஸ்ட்டில் வருகிறோம். மகளுக்கு இரண்டு வயது. கட்டுநாயக்கவில் இறங்கி வானில் நேரே உப்புவெளி. சீட்டை இங்கிருந்தே சுமப்போம் என்கிறார் மனைவி. அங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்கிறேன் நான். யார் சரி?
— ஸ்காபரோவிலிருந்து ஒரு அப்பா

பதில்: மனைவி. சுமக்கப்போவது நீங்கள் என்பதால் அவருக்கு முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும். அதற்காக முடிவு பிழையாகிவிடாது.

கட்டுநாயக்கவில் கார் வாடகைக்கு விடும் பெரிய நிறுவனங்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் காரோடு பிள்ளைச் சீட்டும் தருவதுண்டு. ஆனால் நீங்கள் ஏறப்போவது மாமாவுக்குத் தெரிந்த ஒருவருடைய வான். அவரிடம் குளிரூட்டி இருக்கும், பாட்டு இருக்கும், கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் இருப்பார். சீட் இராது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், சைக்கிள் கிடைக்கும், கடலுக்கு அடியில் பார்க்கும் முகக்கண்ணாடி கிடைக்கும். பிள்ளைக்குக் கார் சீட் வாடகைக்கு என்று ஒரு பலகையை நான் இன்றுவரை கண்டதில்லை. யாராவது தேடிப்பிடித்துத் தந்தாலும் அதன் பூர்வீகம் தெரியாது. எத்தனை வருடம் பழசு, முன்பு எதிலாவது மோதியதா, வார் கம்பனி போட்டதா, தையல்காரர் போட்டதா?

இது பாதிப் பதில்தான். சீட் தானாக நிற்காது. வாகனத்தின் பெல்ட் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஹயர் வான்களில் நடு இருக்கை பெல்ட் பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் சமாதி அடைந்திருக்கும். சிலவற்றில் இடுப்புப் பட்டி மட்டும்தான். சிலவற்றில் ‘ஏறி இறங்க உபத்திரவம்’ என்று அதுவும் கழற்றப்பட்டிருக்கும். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு வான்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “அண்ணை, பிள்ளை இருக்கப்போற இடத்து பெல்ட்டை வெளியில எடுத்துப் பூட்டி, ஒரு படம் அனுப்புங்கோ.” “எல்லாம் இருக்கு தம்பி, பயப்படாம வாங்கோ” என்று பதில் வந்தால், அது படம் அல்ல. திரும்பக் கேளுங்கள். அப்போதும் வராவிட்டால் வேறு வான் பாருங்கள். பெல்ட் இல்லாத வானில் உங்கள் கார் சீட் இன்னொரு பயணப்பொதி, அவ்வளவுதான்.

கேள்வி: பின்னால் இருப்பவர்களுக்கு பெல்ட் தேவையில்லை, பொலிஸ் பிடிக்காது என்று சாரதி சொல்கிறார். உண்மையா?
— ஹரோ, லண்டன்

பதில்: பொலிஸைப் பற்றி அவர் சொல்வது பெரிய பொய் அல்ல. சாரதிக்கும் முன்னிருக்கைக்காரருக்கும் பெல்ட் கட்டாயம் என்ற விதி இலங்கையில் 2011இல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நம்மவர்கள் பொலிஸ் நிற்கும் சந்திக்கு நூறு யார் முன்பு பக்தியோடு பெல்ட் போட்டு, நூறு யார் பின்பு கழற்றுகிறார்கள். பின்னிருக்கைப் பிள்ளையைப் பற்றி வழியில் மறித்துக் கேட்பவர்கள் அரிது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ பிள்ளைச் சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் தண்டம். அங்கேயும் அது எத்தனை பேரிடம் அறவிடப்படுகிறது என்று சென்னை வாசகர்களைக் கேட்டுப்பாருங்கள்.

உங்கள் லண்டனிலேயே ஓட்டை உண்டு. 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரை சீட் கட்டாயம் என்ற அதே சட்டம், ரக்ஸியிலும் மினிகாப்பிலும் சரியான சீட் இல்லாவிட்டால் பிள்ளை அது இல்லாமலே பின்னால் போகலாம் என்கிறது. சட்டம் சமரசம் செய்துகொள்ளும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டிலிருந்து இறங்கி றோட்டைக் கடக்கும் யானை அப்படி அல்ல. ஏ6 வீதியில் பின்னேரம் இருட்டும் வேளை, காப்பெட் போட்ட றோட்டு, சாரதிக்கு வீட்டு நினைவு, எதிரே திடீரென்று ஒரு கறுப்பு மலை. அந்த பிரேக்குக்காகத்தான் சீட். மோதாமலே தப்பினாலும், கட்டாத பிள்ளை முன்சீட்டில் போய் அடிபடும்.

இன்னொரு யோசனை: பகலில் புறப்படுங்கள். இரவுப் பயணம் பிள்ளைக்கு நித்திரை வசதி என்பார்கள். சாரதிக்கும் அதே வசதிதான்.

கேள்வி: நான்கு பிள்ளைகளையும் மடியில் வைத்தே வளர்த்தவள் நான். கொழும்புக்கும் மடியில்தான் போனார்கள். இப்போது பேரனைக் காரில் என் மடியில் இருத்த மருமகள் விடுகிறாள் இல்லை. கைகால் கட்டிய கைதி போல அவனை ஒரு கூட்டுக்குள் வைத்திருக்கிறாள். நான் என்ன அந்நியமா?
— உவர்மலையிலிருந்து ஒரு அப்பம்மா

பதில்: அம்மா, உங்கள் மடியில் ஒரு குறையும் இல்லை. கணக்கில்தான் வில்லங்கம்.

பேரன் 10 கிலோ என்று வையுங்கள். கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. தம்பலகாமச் சந்தியில் எதனுடனோ மோதி அரை மீற்றருக்குள் நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் 10 கிலோப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். அதாவது ஐம்பது கிலோ அரிசி மூட்டை நான்கு, ஒரே நேரத்தில், எச்சரிக்கை இல்லாமல். பாசத்தில் உங்களை வெல்ல ஆளில்லை என்றாலும் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவருக்கே அது இயலாத காரியம். உங்கள் பெல்ட்டை அவனையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது இன்னும் மோசம். மோதலில் உங்கள் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நசுங்குவது அவன்தான்.

உங்கள் காலத்தில் நடந்ததும் உண்மை. ஒஸ்ரின் ஏ40 காரில், குழி நிறைந்த றோட்டில், மாட்டு வண்டிக்குப் பின்னால் போனீர்கள். இன்று அதே வழியில் எழுபதுக்குக் குறைந்து ஓடினால் பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்தே ஓரமாக்கிவிடும். ‘எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஆகிவிட்டவர்கள் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுவதில்லை.

காரில் பிள்ளைச் சீட்டைச் சரியாகப் பயன்படுத்தினால், ஒரு வயதுக்குட்பட்டவர்களின் உயிரிழப்பு 71 சதவீதமும் ஒன்று முதல் நான்கு வயதினரின் உயிரிழப்பு 54 சதவீதமும் குறைகிறது என்கிறது அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். மருமகளுக்கு இந்தப் புள்ளிவிபரம் தெரியாமலும் இருக்கலாம். பயத்தில் அவருக்குக் கை நடுங்குகிறது, அது போதும். நீங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் இருங்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுங்கள். தம்புள்ளையில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது மடி முழுக்க உங்களுக்கே. மருமகளிடம் சண்டை போட வேறு நல்ல காரணங்கள் எத்தனையோ உண்டு.

கேள்வி: ஒன்பது மாதப் பிள்ளையை வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி இருத்துகிறார்கள். பாவம், றோட்டைப் பார்க்க வேண்டாமா?
— மூதூர்

பதில்: பார்க்க வேண்டிய அழகு பின்கண்ணாடியிலும் தெரியும். அந்த வயதில் உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு தலை. கழுத்தோ இன்னும் முற்றவில்லை. முன்னோக்கி இருந்தால் மோதலில் தலை முழுப் பாரத்தோடு பறக்கும், கழுத்து தாங்காது. பின்னோக்கி இருந்தால் முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் பதியும். 1960களில் சுவீடன் பேராசிரியர் பேர்ட்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிடந்து விசையைத் தாங்குவதைப் பார்த்துத்தான் இந்தப் பின்னோக்கிய சீட்டை வடிவமைத்தார். ஐரோப்பாவின் புதிய தரவிதி 15 மாதம் வரை இதைக் கட்டாயமாக்குகிறது. சுவீடன்காரர் நான்கு வயது வரை விடுவதில்லை. ஆக, உங்கள் ஊர்ப் பிள்ளை விண்வெளி வீரர் போல மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுகிறது. பெருமைப்படுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சீட் ஒஸ்திரேலியாவில் வாங்கிய விலை உயர்ந்தது. அங்கே எந்த வாகனத்திலும் பொருந்தும்தானே?
— சிட்னி

பதில்: விலைக்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால் சிக்கல் உங்களுக்குத்தான் அதிகம். ஒஸ்திரேலியச் சீட்டுகளுக்கு உச்சியிலிருந்து பின்னால் போய்க் கொளுவும் ஒரு மேல்வார் உண்டு. அதைக் கொளுவ வாகனத்தில் ஒரு கொக்கி இருக்க வேண்டும். யப்பானிலிருந்து வந்த பழைய வானின் நடு இருக்கைக்குப் பின்னால் அந்தக் கொக்கியைத் தேடினால், யாரோ விட்டுப்போன குடையும் பாதி பிஸ்கட் பக்கெட்டும் கிடைக்கலாம்.

பிரித்தானியாவிலிருந்து வருகிறவர்கள், பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரில் பூட்டும் ‘ஐசோஃபிக்ஸ்’ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். புதிதாக இறங்கிய சிறிய கார்களில் இருக்கும், வானில் நம்பாதீர்கள். பெல்ட்டாலும் பூட்டக்கூடிய சீட்டைக் கொண்டுவாருங்கள். கைக்குழந்தைக்கான ஐரோப்பியத் தொட்டில் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோள் வரை வரும் மூன்றுமுனை பெல்ட் வேண்டும். கனடா, அமெரிக்கச் சீட்டுகளில் உள்வார் உள்ளவற்றை இடுப்புப் பட்டியாலும் பூட்டலாம், கையேட்டில் அப்படிச் சொல்லியிருக்கும். ஆனால் அவர்களுக்கு வேறு பொறி: அந்த நாட்டுக் கார்களில் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் டக்டக்கென்று பூட்டிக்கொள்ளும். நம் ஊர் வான்களில் காணும், வெடுக்கென்று இழுத்தால் மட்டும் பிடிக்கும் பெல்ட்டுக்கு அந்தப் புத்தி இல்லை. சீட் ஆடிக்கொண்டே இருக்கும். சீட்டிலேயே பெல்ட்டை இறுக்கும் பூட்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இதற்கென்று விற்கும் சிறு இரும்புக் கிளிப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள். இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் திரும்பப் பூட்டுங்கள். சாரதி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. அவனுக்கும் சுமக்க வேண்டுமா?
— பரிஸ்

பதில்: அவனுக்கு உயர்த்தும் மெத்தைச் சீட் போதும். இலேசானது, அவனே தோளில் கொளுவிக்கொண்டு வரலாம், பொறுப்பும் வரும். ஆனால் அது மூன்றுமுனை பெல்ட் இல்லாமல் வேலை செய்யாது. இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில் அதில் இருத்துவது ஆபத்து. படம், வாட்ஸ்அப், மேலே பார்க்க.

கேள்வி: விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது? பொதிகளோடு போட்டால் உடையாதா?
— ஸூரிக்

பதில்: பல விமான நிறுவனங்கள் பிள்ளையின் சீட்டுக்கு எடைக் கட்டணம் எடுப்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்கியிருந்தால் சீட்டை உள்ளேயே கொண்டுபோய் அதில் கட்டுவது உத்தமம். விமானத்தில் பயன்படுத்த அனுமதி உண்டு என்று சீட்டிலேயே ஒட்டியிருக்கும். அமெரிக்கச் சீட்டுகளில் அது சிவப்பு எழுத்தில் இருக்கும். மெத்தைச் சீட்டை மட்டும் அங்கே பாவிக்க முடியாது, விமான பெல்ட் இடுப்போடு முடிந்துவிடும். கீழே பொதியாகப் போடுவதென்றால் தடித்த பையில், சுற்றிலும் துணி அடைத்து. வேட்டி சேலைகளை வைக்க இதைவிடச் சிறந்த இடம் இல்லை. கட்டுநாயக்கவில் பையைத் திறந்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: டவுனுக்குள் ஓட்டோவில் போகும்போது கார் சீட்டைக் கயிற்றால் கட்டலாமா?
— நிலாவெளியில் விடுமுறையில் இருப்பவர்

பதில்: கட்டலாம், பலன் கயிற்று வியாபாரிக்கு. முச்சக்கரவண்டியில் பெல்ட்டும் இல்லை, சீட்டைத் தாங்கும் உறுதியும் இல்லை. உட்துறைமுக வீதியில் மீன் வாங்கப் போவதென்றால் பிள்ளையை நடுவில் இருத்தி, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இரவில் நிலாவெளி றோட்டில் பிள்ளையோடு ஓட்டோ வேண்டாம், கார் பிடியுங்கள். கொழும்புக்கு ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இரவு மெயில் கல்ஓயாச் சந்தியில் மூச்சு வாங்கி, விடிய விடியப் போகும். அதில் பிள்ளை உங்கள் மேல் படுத்துத் தூங்கட்டும்.

கேள்வி: புறாத்தீவுக்குப் படகில் போகும்போது பாதுகாப்புக்காகப் பிள்ளையைக் கார் சீட்டிலேயே வைத்துக் கட்டிவிட்டால் என்ன?
— பெர்லின்

பதில்: ஐயோ, வேண்டாம்! றோட்டில் காப்பாற்றும் கட்டு, படகு கவிழ்ந்தால் பிள்ளையை ஆழத்துக்கு இழுக்கும். கடலில் தேவை மிதவை அங்கி, அதுவும் பிள்ளையின் அளவில், கால்களுக்கு இடையில் போகும் பட்டியோடு. பெரியவரின் அங்கியைப் போட்டால் அங்கி மிதக்கும், பிள்ளை அதிலிருந்து வழுவிவிடும். உங்களிடம் இல்லாவிட்டால், நிலாவெளிக் கரையில் படகுக்காரரிடம் சிறிய அங்கி இருக்கிறதா என்று காசு பேசுவதற்கு முன் கேளுங்கள். கார் சீட்டை இங்கே வாடகைக்கு எடுக்காதீர்கள் என்றேன். மிதவை அங்கிக்கும் அதுவே. முடிந்தால் உங்கள் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், எடையும் இல்லை.

இதைச் சொல்லும்போது பகிடி வரவில்லை. 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதற்குப் பதிலாக ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருந்தார்கள். சிறிய தூரம், தினசரிப் பயணம், தெரிந்த தண்ணீர்.

கேள்வி: வெயிலில் நின்ற காரில் ஏறினால் சீட்டின் கொளுக்கி சுடுகிறது. என்ன செய்யலாம்?
— கந்தளாய்

பதில்: வெள்ளைத் துணியால் மூடிவையுங்கள், பிள்ளையை இருத்தும் முன் உங்கள் கையால் தொட்டுப்பாருங்கள். ‘ஒரு நிமிடம், கடைக்குள் போய் வருகிறேன்’ என்று பிள்ளையைக் காரில் விட்டுப் போகவே வேண்டாம். மூடிய கார் பத்து நிமிடத்தில் பத்து பாகை ஏறும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. எட்டாவதை நீங்கள் காருக்குள் தோண்ட வேண்டியதில்லை.

கேள்வி: அண்ணன் குடும்பம் லண்டனுக்குத் திரும்பும்போது தொட்டில் சீட்டை எங்களிடம் விட்டுப் போனது. கார் இல்லை. நான்கு மாதப் பிள்ளையை அதில் நித்திரையாக்குகிறோம். நல்லதுதானே?
— அன்புவழிபுரம்

பதில்: நிறுத்துங்கள். கார் சீட்டில் பிள்ளை சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி அடைபடும். காரில் பூட்டியிருக்கும்போது சீட் சரியான சாய்வில் இருக்கும், பெரியவர் கண்ணும் பிள்ளையில் இருக்கும். நிலத்திலோ கட்டிலிலோ வைத்தால் இரண்டும் இல்லை. நித்திரைக்கு மல்லாந்து, மட்டமான பாய். காரில் போகிறவர்களும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிள்ளையை வெளியே எடுங்கள்.

கேள்வி: எல்லாக் கேள்வியும் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றியே. எங்கள் பிள்ளைகளின் எலும்பு என்ன இரும்பா? பழைய ஆல்டோ ஒன்று வைத்திருக்கிறோம்; புது சீட் விலையைக் கேட்டால் காரையே விற்க வேண்டும் போலிருக்கிறது.
— திருமலை டவுனிலிருந்து ஒரு தாய்

பதில்: இந்தக் கட்டில் வந்த நியாயமான கேள்வி இது ஒன்றுதான், அதனால்தான் கடைசியில் வைத்தேன். மோட்டார் சைக்கிளில் அப்பா, பெற்றோல் ராங்கியில் மூத்தது, பின்னால் அம்மா, நடுவில் இளையது. தலைக்கவசம் அப்பாவுக்கு மட்டும். கோணேசர் கோயில் வழியில் மான்கள்கூட இந்தக் காட்சியைப் பார்த்துப் பழகிவிட்டன. அந்தக் குடும்பங்களிடம் கார் சீட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் உங்களிடம் கார் இருக்கிறது. முதலில் பின்சீட் கவரைக் கிழித்தாவது பெல்ட்டை வெளியே எடுங்கள். அதற்குச் செலவு இல்லை.

மிச்சத்தை வெளிநாட்டு வாசகர்களிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளை அடுத்த அளவுச் சீட்டுக்கு வளரப்போகிற வருடம் ஊருக்கு வருகிறீர்களா? பழையதைத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். திரும்பும் நாளில் கட்டுநாயக்க வரை அதில்தான் பிள்ளை போக வேண்டும். ஆகவே அங்கே இறக்கி வான்காரரிடமே கொடுத்துவிடுங்கள். டொரொண்டோவில் கூட்டிப்போக வருகிறவரை அடுத்த சீட்டோடு வரச்சொல்லுங்கள். வான்காரர் அதை இந்தத் தாயைப் போன்ற ஒருவருக்குக் கொடுக்கலாம், அல்லது தன் வானிலேயே வைத்திருந்து அடுத்த குடும்பத்தை ஏற்றலாம். கொடுக்கும் முன், சீட்டின் அடியில் பொறித்திருக்கும் காலாவதித் திகதியைப் பாருங்கள். தாண்டியதையும் விபத்தில் சிக்கியதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். நல்ல சீட் என்றால் முதுகுப்பக்கத்தில் வாங்கிய ஆண்டையும் ‘விபத்தில் சிக்கவில்லை’ என்பதையும் அழியாத மையால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பூட்டும் விதத்தை ஒரு தடவை அவர் கையாலேயே செய்யவைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.